இலை வண்ண அட்டை வாங்கலாமா? ஒரு பிசானப் போக நெல்லும் நாலு அறுப்புப் புல்லும் பாத்துட்டு சொல்லுதேன்

இலையோட பச்சைய இந்த அட்டையில இருக்குத நெறத்தோட ஒப்பிட்டுப் பாத்து யூரியா போடணுமா வேண்டாமான்னு தெரிஞ்சுக்கிடலாம், அதுக்குத்தான் அட்டை. மொதல்லயே சொல்லிருதேன், நெல்லு போடுதவங்க தாராளமா வாங்கலாம், மாட்டுக்குப் புல்லு மட்டும் வளக்குதவங்க துட்ட வீணாக்க வேண்டாம். அதையும் மீறி வாங்கினீங்கன்னா அட்டைய நம்பி புல்ல அறுத்து மாட்டு வாயில வைக்காதீங்க. நான் வச்சேன், அதான் சொல்லுதேன், அந்தக் கத பின்னால வருது.

எங்களுக்கு வீரவநல்லூர் பக்கம், கன்னடியன் கால் பாசனம். பத்து மரக்கா விதைப்பாடு வயலு, கிட்டத்தட்ட எம்பது சென்டு வரும். பாபநாசத்துல தண்ணி இருந்து தெறந்து விட்டா கார் போகமும் போடுவோம், இல்லன்னா பிசானப் போகம் மட்டும். கெணத்தடியில பதினஞ்சு சென்டு கோ 4 புல்லு நிக்குது, தொழுவத்துல நாலு மாடு. வீட்டுக்காரவ துபாய்ல இருக்காவ, அதனால வயலும் நாந்தான் மாடும் நாந்தான் வெள்ளன எந்திரிச்சு சொசைட்டிக்குப் பால் கொண்டு போறதும் நாந்தான். மாமா வரப்புல நின்னு சத்தம் போட மட்டும் வருவாவ, எழுவத்திரெண்டு வயசுல அது போதும்.

இந்த அட்டை கைக்கு வந்ததே ஒரு கோவத்துல. புரட்டாசி கடசில யூரியா வாங்கப் போனேன், கடை பேரு வேண்டாம். மூட்டை 45 கிலோ, 266 ரூவா 50 காசு, அது எல்லாருக்கும் தெரிஞ்ச வெல. ஆனா கூடவே இலைல தெளிக்குத உரம் அரை லிட்டர் பாட்டில் ஒண்ணு வாங்கினாத்தான் மூட்டைய எறக்குவேன்னு நின்னாரு அந்த அண்ணாச்சி. பாட்டில திருப்பிப் பாத்தேன், தழைச்சத்து, அதான் நைட்ரஜன், 4 சதவீதம்னு போட்டிருந்துச்சு. அரை லிட்டர்ல 4 சதவீதம்னா 20 கிராம். மூட்டையில 46 சதவீதம், அப்ப 45 கிலோவுக்கு 20 கிலோ 700 கிராம். கிராம் எங்க இருக்கு கிலோ எங்க இருக்கு அண்ணாச்சின்னு கேட்டேன், "நீ அதெல்லாம் கணக்கு பாக்காத தாயி, இலை நேரா குடிச்சிரும்"னாரு. நானும் பாட்டில வச்சிட்டு மூட்டையும் வேண்டாம்னு திரும்புத நேரம், கல்லா மேசை ஓரத்துல ஒரு கட்டு அட்டை தூசி படிஞ்சு கெடந்துச்சு. நூறு ரூவாய்க்குள்ளதான். சும்மா வெறுங்கையோட போகக் கூடாதுன்னு ஒண்ண எடுத்துட்டு வந்துட்டேன், யூரியா பொறவு விவசாய சொசைட்டியில வாங்குனது.

அட்டைன்னா காகிதம் இல்ல. ஸ்கூல் பிள்ளைக ஸ்கேலு மாதிரி, ஒரு சாண் நீளத்துக்கு பிளாஸ்டிக். ஆறு கட்டம் இருக்கு, 1 வெளுத்த மஞ்சப்பச்சை, 6 கருகருன்னு கரும்பச்சை. வெரல வச்சு தடவினா நெல்லு இலை நரம்பு கணக்கா வரிவரியா இருக்கும். மூல யோசன ஜப்பான்காரங்களுது, பொறவு பிலிப்பைன்ஸ்ல இருக்குத சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அத எளிசாக்கி ஆசியா பூரா பரப்புச்சு, நம்ம ரகத்துக்கு எந்தக் கட்டம்னு கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல கணக்கு சொல்லியிருக்காவ. அட்டை பின்னால அச்சடிச்சிருந்ததுல பாதி அழிஞ்சு போயிருந்துச்சு, மிச்சத்த வேளாண் ஆபீஸ்ல கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

பாக்குத முறை இதுதான். நட்டு 14-ம் நாள்ல ஆரம்பிச்சு வாரத்துக்கு ஒரு வாட்டி, முடியலன்னா பத்து நாளைக்கு ஒரு வாட்டி, பூக்குத வரைக்கும் பாக்கணும். காலைல 8ல இருந்து 10 மணிக்குள்ள. வயலுக்குள்ள எறங்கி அங்கங்க பத்து மூடு, ஒவ்வொண்ணுலயும் மேல இருந்து மூணாவதா நல்லா விரிஞ்ச இலை. இலைய கிள்ளக் கூடாது, இலையோட நடுப்பாகத்த கட்டத்து மேல வச்சு பாக்கணும், வெயிலுக்கு முதுகு காட்டி நின்னு நம்ம நெழல அது மேல விழ வைக்கணும், அதுதான் எல்லாத்தயும் விட முக்கியம். ஒரே ஆளுதான் கடசி வரைக்கும் பாக்கணும், ஒருத்தர் கண்ணுக்கு 3ன்னு தெரியுதது இன்னொருத்தர் கண்ணுக்கு 4. பத்துல ஆறோ அதுக்கு மேலயோ சொன்ன அளவுக்குக் கீழ இருந்தா உரம் போடணும், இல்லன்னா கைய கட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்துரணும். அந்த அளவு வெள்ளப் பொன்னிக்கு 3, மத்த ரகத்துக்கும் ஒட்டு ரகத்துக்கும் 4. நாங்க போட்டது அம்பை 16, அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்துல 1986ல விட்டது, குண்டு அரிசி, எங்க பக்கம் இட்லிக்கு இத விட்டா வேற பேச்சு கெடையாது. அப்ப எனக்கு 4.

மொத நாள் மாமா வரப்புல நிக்காவ. "ஏ பிள்ள, பயிரு பச்சையா இருக்கா மஞ்சளா இருக்கான்னு பாக்க ஒரு கோலு வேணுமாக்கும்"னு சிரிச்சாவ. சரி நீங்க சொல்லுங்க மாமான்னேன். வரப்புல நின்னுட்டே "நல்ல பச்சை, ஒண்ணும் போடாண்டாம்"னாவ. உள்ள எறங்கி பாத்தா பத்துல எட்டு மூடு 3க்கும் 4க்கும் நடுவுல. அவியளயும் தொழிக்குள்ள எறக்கி இலைய காட்டினேன், கண்ண சுருக்கி சுருக்கி பாத்துட்டு பேசாம கரையேறிட்டாவ. வரப்புல நின்னு சாச்சுப் பாக்கும்போது இலை மேல இலை விழுந்து வயலே கருக்குன்னுதான் தெரியும், தனி இலைய எடுத்து வச்சா வெளுப்பு தெரியும். அட்டைக்கு நான் குடுக்குத மொத மார்க்கு இதுக்குத்தான்.

ஒரு தடவைக்கு எக்டேருக்கு 35 கிலோ தழைச்சத்துன்னு நான் கணக்கு வச்சேன். எங்க எம்பது சென்டுக்கு அது 25 கிலோ யூரியா வரும். 14-ம் நாள் போட்டேன். அடுத்த வாட்டி பத்துல மூணுதான் கொறச்சல், போடல. அதுக்கு அடுத்த வாட்டி ஏழு, போட்டேன். பொறவு தண்டு உருளுத நேரத்துல ஒண்ணு. மொத்தம் 75 கிலோ. போன வருசம் வரைக்கும் ரெண்டரை மூட்டை, 112 கிலோ, மூணு பிரிவா கண்ண மூடிட்டு வீசுனோம். மிச்சம் எவ்வளவுன்னு பாத்தா இருநூத்திச் சில்லறை ரூவா. யூரியா மானிய வெலைக்கு வருததால இதுல பெரிய லாபம் ஒண்ணும் இல்ல, அட்டைக் காசு திரும்பிருச்சு, அம்புட்டுதான். லாபம் வேற எடத்துல வந்துச்சு.

அத சொல்லணும்னா பயிரு உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் சொல்லணும். நம்ம எல்லாருக்கும் ஒரு நெனப்பு இருக்கு, யூரியா போட்டா பயிரு வளரும், கூட போட்டா கூட வளரும்னு. நெல்லு, புல்லு, சோளம், கம்பு, கரும்பு எல்லாம் ஒரே புல்லுக் குடும்பம். இந்தக் குடும்பத்துல ஒரு இலைக்கு ரெண்டு கணக்கு ஓடுது. ஒண்ணு வேர் வழியா வருத தழைச்சத்து. இன்னொண்ணு வெயில வச்சு காத்துல இருக்குத கரியமில வாயுவ பிடிச்சு இலை செய்யுத சர்க்கரை. சர்க்கரைதான் கரி, அந்தக் கரிதான் தண்டு, நாரு, வேர், மணிக்குள்ள இருக்குத மாவு எல்லாம். பீடி சுத்துத வீட்டுல கேட்டுப் பாருங்க, முக்கூடல்ல இருந்து இங்கன வரைக்கும் அந்த வீடு இல்லாத தெரு கெடையாது. சொளவுல இலை ஒரு கட்டு கெடக்கு தூளு இல்லன்னா பீடி சுத்த முடியாது. தூளு குமிஞ்சு கெடக்கு இலை இல்லன்னாலும் முடியாது. பயிருக்கு சர்க்கரை பீடி இலைன்னா தழைச்சத்து தூளு.

தூளு கொறஞ்சா என்ன ஆகும்? இலை சர்க்கரை செய்யுதது ஒடனே நிக்காது, இலை நீளுததுதான் மொதல்ல நிக்கும். அப்ப செஞ்ச சர்க்கரை செலவழியாம இலையிலயும் தண்டுலயும் மாவா சேந்து கெடக்கும், பயிரு அத கீழ வேருக்கு அனுப்பும், வேர் நீளமா போய் தழைச்சத்த தேடும். பசிச்ச பயிருக்கு மேல கட்ட, கீழ நீட்டம். அடியில இருக்குத கிழ இலைல இருந்து தழைச்சத்த உருவி மேல குருத்துக்கு அனுப்பிரும், அதான் அடி இலை நுனில இருந்து மஞ்சளாகுதது. கொஞ்சம் பசியோட விடுததுல தப்பே இல்லன்னு எனக்கு இப்பத் தோணுது, ரொம்ப நாளு விட்டா பக்கத் தூரு வராது அது வேற கத.

தூளு கூடினா? இலை பரபரன்னு நீளும், இலைக்குள்ள ருபிஸ்கோன்னு ஒரு புரதம் இருக்கு, அதுதான் கரியமில வாயுவ பிடிக்குத கை. நெல்லு இலைல இருக்குத தழைச்சத்துல கால் பங்கு கிட்ட அது ஒண்ணுலயே கெடக்கு. அதனால தழைச்சத்து கூடினா இலை பச்சையாகும், சர்க்கரையும் கூட செய்யும், ஒரு அளவு வரைக்கும். அந்த அளவு தாண்டினா வருத தழைச்சத்த புரதமாக்கவே சர்க்கரை செலவாகும், தண்டுல சேத்து வைக்க மிச்சம் இருக்காது, நாரும் தடிக்காது. தண்டு தண்ணிச்சதையா நிக்கும். நெல்லுக்கு கதிர் வெளிய வருமுன்ன தண்டுல மாவு சேந்திருக்கணும், பால் பிடிக்கும்போது அது மேல ஏறி மணிக்குள்ள போகும். கடசி வரைக்கும் கரும்பச்சையா நிக்குத பயிரு பாக்க ஜோரா இருக்கும், அறுத்தா சாவி, மணி இல்லாத வெறும் பதரு.

பக்கத்து வயக்காரரு எங்களுக்கு சித்தப்பா முறை. நான் மூணு வாட்டிதான் போட்டேன்னதும் "பிள்ள பயிர பட்டினி போடுதா"ன்னு டீக்கடைல சொல்லியிருக்காவ. அவிய வயலு கார்த்திகைலயே 5க்கு மேல, நான் சும்மா வரப்புல போகும்போது அட்டைய வச்சுப் பாத்தேன். மார்கழில இலைச்சுருட்டுப் புழு, அதுக்கு ஒரு மருந்து. பொறவு தூருல புகையான் பூச்சி, அதுக்கு ஒரு மருந்து. தை மாசம் ஒரு ராத்திரி காத்தும் மழையும் சேந்து அடிச்சதுல வயல்ல முக்காவாசி பாய் விரிச்ச மாதிரி சாஞ்சு போச்சு. அறுப்பு மிசின்காரன் சாஞ்ச பயிர அறுக்க நேரம் கூட ஆகும்னு கூடக் கேட்டான், சித்தப்பா பேசாம குடுத்தாவ. எங்க வயல்ல மடை வாய்ல ஒரு தாவு மட்டும் சாஞ்சது, அங்கன எப்பவும் உரத்தண்ணி தேங்கும். மருந்து நான் ஒரு வாட்டி கூட அடிக்கல. அதுதான் லாபம்னேன். விளைச்சல் ரெண்டு வயலுக்கும் பெரிசா வித்தியாசம் இல்ல, சித்தப்பாவுக்குச் சாவி கூட, எனக்கு மூட்டை ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன. இத வச்சு அட்டைதான் காரணம்னு அடிச்சு சொல்ல மாட்டேன், அவிய நாத்த நெருக்கி நட்டிருந்தாவ, அதுவும் இருக்கும்.

இப்ப புல்லுக்கு வாரேன். நெல்லுல மாமாவ ஜெயிச்ச தெம்புல அப்பவே அட்டைய கெணத்தடிக்கும் எடுத்துட்டு போனேன். இங்கதான் தப்பு. கோ 4 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லு, மொத அறுப்பு 75, 80 நாள்ல, பொறவு 45 நாளைக்கு ஒரு அறுப்பு. ஒவ்வொரு அறுப்புக்கும் பொறவு எக்டேருக்கு 75 கிலோ தழைச்சத்துன்னு பரிந்துரை, எங்க பதினஞ்சு சென்டுக்கு 10 கிலோ யூரியா. ஐப்பசில அறுத்த அன்னைக்கே சாயந்தரம் 10 கிலோவ வீசி தண்ணி பாச்சினேன். ரெண்டு வாரம் கழிச்சு அட்டைய வச்சா 3 தான் காட்டுச்சு. அய்யோ பசிக்குதுன்னு இன்னொரு 10 கிலோ.

புல்லுக்கு 4 வேணும்னு எனக்கு யாரு சொன்னா? யாரும் சொல்லல. அட்டை நெல்லுக்குச் செஞ்சது. கம்பு, சோளம், மக்காச்சோளம், கரும்பு, நேப்பியர் இதெல்லாம் வேற சாதி, சி4ன்னு சொல்லுதாவ. கரியமில வாயுவ மொதல்ல ஒரு எடத்துல பிடிச்சு இலை நரம்ப சுத்தி இருக்குத அறைக்குள்ள கொண்டு போய் நெருக்கமா அடைச்சு ருபிஸ்கோவுக்குக் குடுக்கும். வாய்க்கிட்டயே கொண்டு வந்து குடுத்தா கை நெறைய வேண்டாம்லா, அதனால அந்தப் புரதம் நெல்ல விடக் கொறச்சல் போதும். நெல்லுல கால் பங்குன்னேனே, இதுல அதுல பாதி கூட கெடையாது. ஒரு கிலோ தழைச்சத்துக்கு நெல்ல விட இது கூடக் கரி சேக்கும். அப்ப நெல்லுக்கு 3ன்னா பசி, புல்லுக்கு 3ன்னா அது பாட்டுக்கு நல்லா இருக்குதுன்னு கூட இருக்கலாம். நெறத்த மட்டும் பாத்துட்டு சாதிய பாக்கல.

இன்னொண்ணும் சேந்துக்கிட்டு. புல்ல அடியோட அறுத்துட்டோம்னா சர்க்கரை செய்ய இலையே கெடையாது. மொத சில நாளைக்கு கட்டையிலயும் வேருலயும் சேத்து வச்சிருக்குத மாவையும் தழைச்சத்தயும் தின்னுதான் குருத்து வரும், வேர் மண்ணுல இருந்து தழைச்சத்த உறிஞ்சுதது அந்த நாள்ல ரொம்பக் கொறஞ்சு போகும். அறுத்த அன்னைக்கே நான் வீசுன யூரியாவ குடிக்க ஆளு இல்ல. குருத்து ஒரு முழம் வந்த பொறவு போட்டிருக்கணும். அதயும் விட, தரையோட ஒட்ட அறுக்காம அரை சாண் கட்டைய விட்டு அறுத்தா அந்தச் சேமிப்பு மிஞ்சும், நான் தரையோட வழிச்செடுத்திருந்தேன், புல்லு கூடக் கெடைக்கட்டும்னு.

கார்த்திகைல மழை பிடிச்சுக்கிட்டு. ஆறு நாளு வெயிலே கெடையாது, மத்தியானம் லைட்டு போட்டு மாடு பாக்க வேண்டியிருந்துச்சு. புல்லு மட்டும் திடீர்னு கருகருன்னு ஆச்சு, அட்டைய வச்சா 5. எனக்கு ஒரே பெரும. வைக்கல் நனைஞ்சு போச்சு, தீவனம் முடை, முப்பதாம் நாளே அறுத்தேன், வெள்ளன ஆறு மணிக்கு வெறும் வயித்துல நிக்குத மாடுகளுக்கு முன்னால பச்சப் புல்ல மட்டும் குமிச்சேன்.

ஒம்பது மணிக்கு கருப்பி, அதான் மூத்த மாடு, எல்லாத்தயும் விட கூடத் தின்னது அதுதான், நிக்க முடியாம பின்னங்காலு பின்னுது. மூச்சு குத்துது. வாய தெறந்து பாத்தா ஈறு ரோசா நெறத்துல இல்ல, சிக்கரி கூடின காப்பி மாதிரி. அத்தை பாத்துட்டு "விசக்கடி"ன்னு அழ ஆரம்பிச்சிட்டாவ. டாக்டருக்கு போன் போட்டு, அவரு மழைல பைக்குல வந்து எறங்குத வரைக்கும் முக்கா மணி நேரம், அத எழுத மனசு இல்ல. வந்தவரு ஈற பாத்தாரு, மூக்கணாங்கயித்த பிடிச்சுக்கிட்டே "புல்லுக்கு எவ்வளவு யூரியாம்மா போட்டீங்க"ன்னு கேட்டாரு. ஊசில ரத்தம் எடுத்துக் காட்டினாரு, செவப்பு இல்ல, சாக்லேட்டு. நரம்புல நீல மருந்து ஒண்ணு ஏத்தினாரு, மெத்திலீன் புளூவாம். மத்தியானம் எந்திரிச்சு நின்னுட்டு. சாயந்தரம் மூத்திரம் நீலப்பச்சையா போச்சு, சின்னவன் அத பாத்து பயந்து ஓடி வந்தான்.

டாக்டர் சொன்னத என் பீடிக் கணக்குல சொல்லுதேன். நெல்லு வயல்ல தண்ணி நிக்குததால யூரியா அம்மோனியமாவே கெடக்கும், பயிரு அத உறிஞ்சி வேர்லயே புரதக் கணக்குல சேத்துரும். காத்தோட்டமான கெணத்தடி மண்ணுல அப்படி இல்ல, மண்ணுக் கிருமி அத ஒண்ணு ரெண்டு வாரத்துல நைட்ரேட்டா மாத்தும், புல்லு அத நைட்ரேட்டாவே மேல இழுக்கும். அத புரதமாக்க வெயிலும் வேணும் சர்க்கரையும் வேணும். வெயிலு இல்லாத ஆறு நாள்ல சர்க்கரை ஏது, பீடி இலை வரல, தூளு மட்டும் மழைத்தண்ணியோட வந்துட்டே இருக்கு, சுத்தாத தூளு சொளவுலயே கெடக்கு. அதுவும் அடித்தண்டுலதான் கூட. மாட்டு வயித்துக்குள்ள அது நைட்ரைட்டாகும், பொறவு அம்மோனியாவாகி வயித்துக் கிருமிக்குப் புரதமாகும், ஆனா அந்தக் கிருமிக்கும் வேலைய முடிக்க மாவுச்சத்து வேணும். வெறும் வயித்துல மாவு இல்ல, நைட்ரைட்டு பாதிலயே நின்னு ரத்தத்துல ஏறும், ரத்தத்துக்கு மூச்சுக்காத்த சுமக்க முடியாது. பயிருல விட்ட கணக்கு மாட்டு வயித்துல வந்து நின்னுச்சு.

அட்டை 5ன்னு காட்டுச்சே, அது பொய்யான்னா பொய் இல்ல. தழைச்சத்து இருக்குன்னுதான அது சொல்லும், இருந்துச்சு. சர்க்கரை இருக்கா இல்லையான்னு அதுக்குத் தெரியாது, நாளைக்கு மேகம் போடுமான்னும் தெரியாது. இத அச்சடிச்சிருக்கலாம், "தீவனப் புல்லுக்கு அல்ல"ன்னு ஒரு வரி. குத்தம் என் மேல பாதின்னா மிச்சப் பாதி அந்த ஒரு வரி இல்லாதது மேல.

மிச்சப் புல்ல உடனே அறுக்காம விட்டேன், வெயிலு நாலஞ்சு நாளு நல்லா அடிச்ச பொறவு ஒரு முழங்கட்டை விட்டு அறுத்து, வைக்கல மொதல்ல போட்டு வயித்த பாதி நெறைச்சிட்டு மேல கொஞ்சமா குடுத்தேன். காய வச்சா விசம் போயிரும்னு நெனைச்சிராதீங்க, நைட்ரேட்டு காஞ்சாலும் போகாது. கொஞ்சத்த நறுக்கி நீல டிரம்முல அழுத்தி சைலேஜ், அதான் காத்துப் புகாம அடைச்சு புளிக்க வைக்குத தீவனம், போட்டுப் பாத்தேன், சைலேஜ்ல பாதி வரைக்கும் கொறையலாம்னு டாக்டர் சொன்னாரு. தெறந்தா புளிச்ச வாடைக்குப் பதிலா கெட்டுப்போன வெண்ண நாத்தம். கருகருன்னு நின்ன புல்லுல புளிக்க வைக்க சர்க்கரை இல்ல, புரதம் கூடினா புளிப்பும் ஏறாது. மாசில அறுத்த புல்லு 3ல நின்னது, அத அதே டிரம்முல போட்டேன், நல்ல மோர் வாடை, மாடு டிரம்முக்குள்ள தலைய விட்டுது. வெளுத்த புல்லு மட்டம்னு நெனைச்சிட்டு இருந்தவளுக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. கருப்பிக்கு பால் மட்டும் மூணு வாரம் கொறஞ்சு கெடந்துச்சு, பொறவு சரியாச்சு.

இப்ப புல்லுக்கு அட்டைய எடுக்குததே இல்ல. குருத்து முழம் வந்த பொறவு 10 கிலோ, ஒரே வாட்டி, மேகம் மூடிக்கிட்டு இருந்தா அதயும் தள்ளிப் போடுதேன்.

அட்டையோட மத்த கொறையயும் சொல்லிருதேன். டிராக்டர் மேல வெயில்ல போட்டு வச்சா நெறம் வெளுக்கும், என்னோடதுல 5-ம் கட்டம் இப்பவே லேசா மங்கி நிக்குது, பழைய டைரிக்குள்ள வைக்கணும். கொழுந்தன் வேற ஒரு எடத்துல ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு, லேமினேசன் அட்டை, ரெண்டயும் பக்கத்துல வச்சா அவரோட 4 என்னோட 3 மாதிரி இருக்கு. அச்சு மை மாறினா கதையே மாறிரும், அதனால வரி போட்ட பிளாஸ்டிக்தான் வாங்கணும், காகித அச்சு வேண்டவே வேண்டாம், போன்ல படம் எடுத்துட்டு அத வச்சு பாக்குத கூத்தும் வேண்டாம். மணிச்சத்து, அதான் பாஸ்பரஸ், கொறஞ்ச பயிரு குட்டையா கரும்பச்சையா நிக்கும், அட்டை அதயும் நல்ல பயிருன்னு சொல்லிரும். துத்தநாகம், கந்தகம் கொறஞ்சு வெளுத்தா அட்டை யூரியா போடுன்னு சொல்லும், போட்டா ஒண்ணும் ஆகாது. மண்ண ஒரு வாட்டி டெஸ்ட்டுக்குக் குடுத்துட்டு பொறவு அட்டைய தொடுங்க.

மார்க்கு கேட்டா நெல்லுக்கு அஞ்சுக்கு நாலு குடுப்பேன், புல்லுக்கு ஒண்ணு, அதுவும் கருப்பி பொழைச்சதால. அந்தக் கடைல இன்னும் ஒரு கட்டு கெடக்கு, போன வாரம் கூட பாத்தேன், அதே தூசி. பாட்டில காட்டுவாரு, சிரிச்சிட்டு அட்டைய மட்டும் எடுத்துட்டு வந்துருங்க. எங்க வீட்டுல இப்ப அது என் கைல இல்ல, காருக்கு நாத்து பாவுன அன்னைக்கே மாமா டைரிக்குள்ள இருந்து எடுத்து மடில சொருகிட்டாவ. ஒரே ஆளுதான் பாக்கணும்னு சொன்னேன்லா, அந்த ஆளு தானாம்.